கல்லும் கண்ணாடியும் வாக்கும்

ஒரு நகரத்தின் முக்கியமான வீதியில் சாரம் பிரிக்கப்பட்டுப் புதிய கட்டிடமொன்று முதன்முதலாக வெளிச்சத்துக்கு வரும்போது, அவ்வழியே போகிறவர்களில் அபிப்பிராயம் சொல்லாதவர் அபூர்வம். சங்கீதத்தைப் பற்றியோ சித்திரத்தைப் பற்றியோ கேட்டால், அதெல்லாம் தமக்குத் தெரியாது என்று அடக்கமாக ஒதுங்கிக்கொள்கிறவர்கள்கூட, கட்டிடம் என்று வந்துவிட்டால் தயங்காமல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல் இருக்கிறது என்பார் ஒருவர்; பழைய கட்டிடத்தின் தூணுக்கும் வளைவுக்கும் இது ஈடாகுமா என்று பெருமூச்சு விடுவார் மற்றொருவர்; ஊருக்கு இப்படி ஒன்று வந்ததே பாக்கியம் என்று அண்ணாந்து பார்த்து மகிழ்வார் இன்னொருவர். இவையெல்லாம் வெறும் ரசனைபேதம் என்றுதான் நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். ஆனால் அந்தக் கட்டிடம் ஒரு வங்கியினுடையதாக இருந்துவிட்டால், இந்தப் பேச்சின் அடியில் ரசனையைக் காட்டிலும் ஆழமான ஒரு கேள்வி புதைந்திருப்பதை, சற்று நின்று யோசிக்கிறவர் உணராமல் இருக்க முடியாது. எதைக் கண்டு நாம் ஒருவரிடம் விசுவாசம் கொள்கிறோம், அப்படி விசுவாசம் கொள்வதற்கு நியாயம் என்ன என்பதே அந்தக் கேள்வி.

ஜவுளிக்கடையின் முகப்பு அவலட்சணமாக இருந்தாலும், புடவையின் நூலை விரலால் நெருடிப் பார்த்து அதன் தரத்தை நிச்சயித்துக்கொள்ள நமக்கு வழி உண்டு. வைத்தியரின் வீடு இடிந்து கிடந்தாலும், ஜுரம் இறங்கியதா இல்லையா என்று நம் உடம்பே சாட்சி சொல்லிவிடும். வங்கியின் விவகாரம் அப்படியன்று. அங்கே நாம் கொடுப்பது கையிலிருக்கும் பணம். பெறுவதோ ஒரு காகிதம். பல வருஷங்களுக்குப் பிறகு, மகளின் கல்யாணத்துக்கோ நம் முதுமைக்கோ அந்தக் காகிதம் மீண்டும் பணமாகும் என்ற உறுதியைத் தவிர, அந்த இடத்திலிருந்து நாம் எடுத்து வருவது ஒன்றுமில்லை. பரிசோதிக்கத்தக்க பொருள் ஒன்றும் இல்லாத அந்த நிலையில், மனம் பற்றிக்கொள்ள எதையாவது தேடுகிறது. கட்டிடம் எதிரே நிற்கிறது. மனம் அதைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே வங்கியின் முகப்பு மாறும்போது ஜனங்கள் கலவரப்படுவதை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது.

சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றான சிவஞான சித்தியாரில், அருணந்தி சிவாசாரியார் தத்துவ விசாரத்தில் இறங்குமுன், உண்மையை அறிவதற்கான அளவைகள் எவை என்பதை முதலில் வரையறுத்துக்கொள்கிறார். பிறர் எத்தனை அளவைகளை விரித்துரைத்தாலும், அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்பது அவர் துணிபு. வடமொழித் தருக்க நூலார் பிரத்தியட்சம், அநுமானம், சப்தம் என்று சொல்வனவும் இவையே. நேரே கண்டு அறிவது ஒன்று. கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்து அறிவது ஒன்று. பொய்யாத ஒருவர் வாய்மொழியால் அறிவது ஒன்று. பதியையும் பசுவையும் பாசத்தையும் ஆராய்வதற்கு ஏற்பட்ட இந்தக் கருவிகளை, கடைவீதியில் நிற்கும் வங்கிக் கட்டிடத்தின்மேல் பிரயோகிப்பது அபசாரமாகுமோ என்று சிலர் ஐயுறக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. கோயிலும் பொக்கிஷமும் உலகமெங்கும் ஆதிகாலந்தொட்டு அண்டை வீட்டுக்காரர்களாகவே வாழ்ந்து வந்திருக்கின்றன. ஓரிடத்தில் செல்லும் நியாயம் மற்றோரிடத்தில் செல்லாமல் போவதற்குக் காரணமில்லை.

முதலில் கருதல் அளவையை எடுத்துக்கொள்வோம். ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் அரசாங்கப் பொக்கிஷத்தைப் பார்த்தினான் கோயிலில் வைத்திருந்தார்கள். ரோமாபுரியின் பொது நிதி சாட்டர்ன் என்ற தெய்வத்தின் கோயிலில் இருந்தது. தெய்வத்தின் காவலில் உள்ள பணத்தில் கை வைக்க மனிதன் அஞ்சுவான் என்ற எண்ணம் அதற்கு ஆதாரம். தெய்வ பயம் போய், கோயிலின் தூண்கள் மட்டும் மிஞ்சிய பிற்காலத்தில், அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரத்தில் அந்நாட்டின் இரண்டாவது தேசிய வங்கிக்குக் கட்டிடம் அமைக்க முற்பட்ட வில்லியம் ஸ்டிரிக்லாண்டு என்ற சிற்பி, பார்த்தினானையே மாதிரியாகக் கொண்டு, முன்னும் பின்னும் எட்டெட்டுப் பெருந்தூண்களை நிறுத்தி, 1824-ல் அதை முடித்துக் கொடுத்தார். அதன்பின் மேல்நாடுகளில் வங்கி என்றாலே தூண் என்று ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமே ஏற்பட்டுவிட்டது. நம் சென்னைக் கடற்கரைச் சாலையிலும், 1843-ல் தோன்றிய மதராஸ் வங்கி, அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், செங்கல்லும் வளைவும் கூம்பும் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில், அரண்மனையோ என்று ஐயுறத்தக்க மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டது. அதைக் கட்டிய நம்பெருமாள் செட்டியாரின் கைத்திறனை இன்றும் ஸ்டேட் வங்கிக் கட்டிடமாக அங்கே நாம் காணலாம். இவற்றையெல்லாம் பார்க்கும் மனம் செய்யும் ஊகம் எளியது: சுவர் கனமானது, ஆகவே ஸ்தாபனம் உறுதியானது, ஆகவே அதில் போட்ட பணம் பத்திரமானது.

இந்த ஊகம் செல்லுமா? மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்று தருக்க நூலார் சொல்லும்போது, புகை இருக்குமிடமெல்லாம் நெருப்பு இருந்தே தீரும் என்ற வியாப்தி அதற்குப் பின்பலமாக நிற்கிறது. புகை இருந்தும் நெருப்பில்லாத இடம் ஒன்றே ஒன்றைக் காட்டிவிட்டாலும் அந்த ஏது, அதாவது காட்டிய காரணம், தவறி வியபிசாரப்பட்டுவிடும். அதைக் கொண்டு ஒன்றையும் நாட்ட இயலாது. தூண் இருந்தும் உறுதியில்லாத இடத்துக்கு நாம் வெகுதூரம் தேடிப் போக வேண்டியதில்லை. தூண் சம்பிரதாயத்தின் மூலவிக்கிரகம் போன்ற பிலடெல்பியாக் கட்டிடமே அதற்குச் சான்று. அந்த வங்கியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் மசோதாவை 1832-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன் நிராகரித்தார். 1836-ல் சாசனம் காலாவதியாயிற்று. மாகாண அளவில் உயிர் தரித்திருக்க முயன்று, 1841-ல் அது நொடித்துப் போயிற்று. தூண்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. உள்ளே அந்நாட்டுப் பழைய பெரியோர்களின் உருவப் படங்களை மாட்டி வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் இதற்கு உதாரணம் உண்டு. பாரி, பின்னி என்ற பெயர்களோடு ஒரே மூச்சில் உச்சரிக்கப்பட்டு வந்த ஆர்பத்நாட் கம்பெனி, 1906-ம் வருஷம் அக்டோபர் 22-ம் தேதி கதவடைத்தபோது, சென்னை ராஜதானி முழுவதுமே அதிர்ந்தது. ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்த்ததை அங்கே போட்டிருந்த உத்தியோகஸ்தர்களும், வட்டியை நம்பியே ஜீவித்திருந்த விதவைகளும் ஒரே நாளில் வறியவர்களானார்கள். கம்பெனியின் தலைமைக் கூட்டாளியான ஜார்ஜ் ஆர்பத்நாட் கடுங்காவல் தண்டனை பெற்றார். லண்டனில் அதன் விவகாரங்களை நடத்திவந்த மக்ஃபேடியன் என்ற கூட்டாளி தற்கொலை செய்துகொண்டார். அந்த ஜனங்கள் எதைக் கண்டு ஊகித்தார்கள்? நூற்றாண்டு நெருங்கிய பழமை, துரைத்தனத்தாரோடு இருந்த செல்வாக்கு, கம்பெனிக்குரிய தோரணை ஆகிய இவற்றையெல்லாம் ஏதுவாகக் கொண்டு, நாணயம் என்னும் சாத்தியத்தை, அதாவது நிரூபிக்க வேண்டிய பொருளை, நாட்டிக்கொண்டார்கள். ஏது அத்தனையும் மெய், சாத்தியந்தான் பொய்த்தது. இந்த அநுபவத்தினால் சுட்டுக்கொண்ட பிறகுதான், மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால், 1907-ம் வருஷம் ஆகஸ்டு 15-ம் தேதி இந்தியன் வங்கி தன் வேலையைத் தொடங்கியது.

அப்படியானால் அலங்காரத்தை அகற்றிவிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும் அல்லவா என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டவர்களுள் முக்கியமானவர் வியன்னா நகரத்துச் சிற்பி அடால்ஃப் லோஸ். 'அலங்காரமும் குற்றமும்' என்ற தலைப்பில் அவர் வெளியிட்ட கருத்துகள் ஐரோப்பியக் கட்டிடக் கலையுலகில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கின. அவர் ஒரு தையல் நிறுவனத்துக்காக, சக்கரவர்த்தியின் அரண்மனை வாயிலுக்கு எதிரே, மிகேலர் சதுக்கத்தில், 1909-லிருந்து 1911 வரை ஒரு மாளிகை கட்டினார். கீழ்த்தளத்துக்கு உயர்ந்த ஜாதிச் சலவைக்கல் பதித்த அவர், மேல் மாடிகளின் ஜன்னல்களைச் சுற்றி ஒரு கொடியோ ஒரு வளைவோகூட வைக்காமல், வெள்ளைச் சுவரில் சதுரத் துவாரங்களாக விட்டுவிட்டார். அரண்மனைக்கு எதிரே இந்த நிர்வாணமா என்று ஊரே எழுந்தது. புருவமில்லாத வீடு என்று பரிகாசப் பெயர் வந்தது. நகர சபை வேலையை நிறுத்தி வைத்தது. ஜன்னலடியில் பூந்தொட்டிகள் வைப்பது என்ற சமரசத்தின்மேல்தான் அது முடிந்தது. காலத்தின் விளையாட்டு என்று சொல்லும்படியாக, அன்று ஊராரால் ஏசப்பட்ட அந்த வீட்டில் இப்போது ஒரு வங்கி நடந்துவருகிறது. தேசத்தின் கலைச் செல்வங்களுள் ஒன்றென அதைப் பார்க்க யாத்திரிகர்கள் வருகிறார்கள்.

லோஸின் கலைநேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், அவருக்குப் பின்வந்தவர்கள் அவர் கொள்கையிலிருந்து இறக்கிக்கொண்ட முடிவு, தூண் கட்டியவர்களின் ஊகத்திலிருந்து சிறிதும் வேறுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எங்களிடம் பூச்சு இல்லை, ஆகவே பொய் இல்லை என்கிறது வெற்றுச் சுவர். எங்களிடம் தூண் உண்டு, ஆகவே உறுதி உண்டு என்றது பழைய சுவர். இரண்டும் அநுமானமே, இரண்டு ஏதுக்களும் வியபிசாரமுள்ளவையே. பீதாம்பரத்தைக் கண்டு ஒருவனைச் செல்வந்தன் என்று ஏமாறுவது உண்டென்றால், காவித்துணியைக் கண்டு துறவி என்று ஏமாறுவதும் உலகில் உண்டு. எளிமைக்குச் சத்தியத்தோடு பிறவி உறவு எதுவும் கிடையாது. அதுவும் ஒரு வேஷமாகக்கூடும். ஊராரின் ஆரவாரம் இங்கே எவ்விதத்திலும் பிரமாணமாகாது என்பதும் வியன்னா நமக்குப் போதிக்கிற பாடந்தான். இரண்டு தலைமுறைக்குள் நிந்தை ஸ்துதியாக மாறிவிட்டது, சுவர் மாறவில்லை.

இனிக் காண்டல். ஊகம் பிழைபடுமானால் நேரே காட்டிவிடுகிறோம் என்று கிளம்பியது, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வந்த கட்டிடக் கலை. நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில், மானுபாக்சரர்ஸ் டிரஸ்ட் என்ற வங்கி 1954-ல் திறந்த கிளைக்கு, கோர்டன் பன்ஷாஃப்ட் என்ற சிற்பி சுவருக்குப் பதிலாகக் கண்ணாடியே வைத்துவிட்டார். பூமிக்கடியிலோ பின்கட்டிலோ ஒளிந்திருப்பதே லட்சணம் என்று கருதப்பட்டு வந்த பெட்டக அறையை, வீதியில் நடக்கிறவர்கள் பத்தடி தூரத்தில் பார்க்கும்படி, கண்ணாடிக்கு நேர் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். முப்பது டன் எடையுள்ள அதன் எஃகுக் கதவு பகலில் திறந்தபடியும் இரவில் விளக்கொளியில் மூடியபடியும் காட்சி கொடுத்தது. ஜனங்கள் திரள் திரளாக வந்து பார்த்தார்கள். ஒளிவு மறைவில்லாத வங்கி என்று போற்றினார்கள். அதற்குப் பிறகு கட்டப்பட்ட வங்கிகளில் கண்ணாடி பெருகியதற்கு இந்த ஒரு கிளை பெரிய தூண்டுகோலாயிற்று.

ஆனால் அவர்கள் கண்டது எதை? கதவைக் கண்டார்கள்; கணக்கைக் காணவில்லை. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வங்கியில் நாம் போட்ட பணம் அந்தப் பெட்டகத்துக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. இன்று நான் செலுத்திய தொகை, நாளை ஒரு நெசவாளியின் தறியாகவும், மறுநாள் ஒரு வியாபாரியின் சரக்காகவும், வேறொரு மாதம் யாரோ ஒருவர் வீட்டின் கூரையாகவும் மாறி உலகத்தில் சஞ்சரித்துக்கொண்டிருக்கிறது. அப்படிச் சஞ்சரிப்பதனால்தான் அதற்கு வட்டி என்னும் வளர்ச்சி ஏற்படுகிறது. பெட்டகத்தில் முழுவதும் இருந்துவிடுமானால் அதற்குப் பெயர் வங்கியன்று, புதையல். ஆகவே, எதைக் காட்டி வங்கி நம்மை நம்பச் சொல்கிறதோ அந்த இடத்தில் நம் பொருள் இல்லாதிருப்பதே வங்கியின் சொரூபம். எல்லாரும் ஒரே நாளில் வந்து தம் பணத்தைக் கண்ணால் காண வேண்டும் என்று கேட்டார்களானால், யோக்கியமாக நடக்கிற வங்கியும் அன்று மாலைக்குள் முடங்கிப் போகும். இதுவன்று, இதுவன்று என்று உபநிஷத்துக்கள் பரம்பொருளைச் சுட்டிச் செல்லும் முறையில், பணம் இதிலில்லை அதிலில்லை என்று விலக்கிக்கொண்டே போனால், கடைசியில் எஞ்சுவது, கேட்டபோது கொடுப்பேன் என்று ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்த சொல் ஒன்றுதான். கண்ணாடிக்குப் பின்னால் அதைக் காட்ட முடியாது.

அந்தச் சொல்லோடு நாம் மூன்றாவது அளவைக்கு, அதாவது உரைக்கு வந்துவிடுகிறோம். உள்ளதை உள்ளவாறு அறிந்து, அறிந்ததை அறிந்தவாறே சொல்கிறவனை ஆப்தன் என்பார்கள் நியாய சாஸ்திரம் கற்ற நையாயிகர்கள். அவன் வாக்கு பிரமாணமாகும். இந்தப் பிரமாணத்தை மட்டுமே மூலதனமாகக் கொண்டு பெருந்தனம் புரண்டதை நம்மவர் சரித்திரத்திலேயே காணலாம். ரங்கூன் மொகல் தெருவிலும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும், பினாங்கிலும் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளுக்கு முகப்பு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. நீண்ட கூடம், அதில் வரிசையாக மார்க்காக்கள் என்ற பல தனித்தனிக் கடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய், ஒரு சாய்மேஜை, ஒரு மரப்பெட்டி. தொழிலுக்குப் போன இடமெல்லாம் அவர்கள் கட்டிடம் கட்டினார்கள் என்றால், அது தண்டாயுதபாணிக்குத்தான். சிங்கப்பூரில் அந்தக் கோயில் 1859-லேயே எழுந்துவிட்டது. லாபத்தில் ஒரு பங்கை மகமையாகத் தெய்வத்தின் கணக்கில் ஒதுக்கிய பிறகே தம் கணக்கைப் பார்த்தார்கள். வாக்குக்குத் தெய்வம் சாட்சி என்பது அங்கே பேரேட்டின் ஒரு பத்தியாகவே இருந்தது. பணம் போட்டவனுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. ஆனால் 1930-களின் விலைவீழ்ச்சியில் பர்மியக் குடியானவனின் வயல், கடனுக்கு ஈடாகக் கைமாறியதும் அதே பேரேட்டில்தான் பதிவாயிற்று. ஆகவே வாக்குத் தவறாமை வேறு, அறம் முழுவதும் நிறைவேறுவது வேறு என்ற எச்சரிக்கையையும் இந்த உதாரணத்தோடு சேர்த்தே நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கட்டிடமும் வாக்கும் ஒன்றாகவே நின்ற இடத்தை நான் தேடும்போது, என் மனம் தஞ்சைக்குப் போகிறது. ராஜராஜ சோழன் 1010-ல் நிறைவேற்றிய பெரிய கோயிலின் சிகரத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அதன் அடிச்சுவரைப் படிக்கிறவர் சிலரே. அரச குடும்பத்தாரும் அதிகாரிகளும் கோயிலுக்குக் கொடுத்த காசுகள் எவை, அவை எந்தெந்த ஊர்ச் சபையாரிடம் கடனாகக் கொடுக்கப்பட்டன, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசாகவோ அல்லது நெல்லாகவோ எவ்வளவு வட்டி செலுத்த வேண்டும், அந்த வட்டியைக் கொண்டு திருமஞ்சன நீரில் இட ஏலமும் சண்பக மொட்டும் வாங்குவது எவ்வாறு என்பதெல்லாம், சந்திராதித்தர் உள்ளவரை என்ற உறுதியோடு அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று நாம் இன்று சொல்லும் வட்டி விகிதத்தை, பிரதட்சிணம் வருகிற எவரும் நின்று படிக்கலாம். சுவர் இங்கே எதையும் ஊகிக்கும்படி நம்மைத் தூண்டவில்லை. கண்ணாடியாகி எதையும் காட்டுவதாகப் பாசாங்கு செய்யவுமில்லை. அது கணக்கைச் சொல்கிறது. சொன்னதைப் பின்னால் மாற்ற முடியாதபடி பகிரங்கமாகச் சொல்கிறது. மூன்று அளவைகளுள் உரை ஒன்றையே அது நம்பியிருப்பதனால், அதன் கம்பீரம் பொய்யாகாமல் நிற்கிறது.

வாக்குக்கும் கட்டிடத்துக்கும் உள்ள சம்பந்தத்தை மறுபக்கத்திலிருந்து விளக்கிய சம்பவம் ஒன்றைச் சென்னைவாசிகள் பலர் நேரில் அறிவார்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கிய மு.சித.மு. சிதம்பரம் செட்டியார், தம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மவுண்ட் ரோட்டில் ஓர் உயர்ந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1954-ல் சிங்கப்பூரில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் காலமானார். 1956-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமாயிற்று. பதினான்கு மாடிகளும் 177 அடி உயரமும் கொண்ட அந்தக் கட்டிடம் 1959-ல் எல்.ஐ.சி.யின் கட்டிடமாகத் திறக்கப்பட்டது. கோபுரங்களைத் தவிர வேறெதையும் அண்ணாந்து பார்த்திராத ஜனங்களுக்கு அது ஒரு புதிய அதிசயம். வெளியூர்க்காரர்கள் பட்டணத்தில் பார்க்க வேண்டியவற்றுள் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். கதாநாயகன் சென்னைக்கு வந்துவிட்டான் என்று தெரிவிக்கச் சினிமாக்காரர்களுக்கு அந்தக் கட்டிடத்தை ஒரு கணம் காட்டினால் போதுமாயிருந்தது. அந்தப் பிரசித்தமான கட்டிடத்தில் 1975-ல் பெருந்தீ பிடித்தது. மாடிகள் எரிந்தன. ஆனால் யாருடைய பாலிசியும் அதனால் செல்லாததாகிவிடவில்லை. பிரீமியம் கட்டியவர்களுக்கு உரிய காலத்தில் தொகை வந்தது. பிலடெல்பியாவில் தூண் நின்று வாக்கு அழிந்தது. சென்னையில் மாடி எரிந்து வாக்கு நின்றது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு, எது எதைத் தாங்குகிறது என்பதில் மயக்கம் இருக்க நியாயமில்லை.

தனி மனிதனின் ஆப்தத்தன்மையை மட்டும் நம்பி விட்டுவிட முடியாத இக்காலத்தில், வாக்கைச் சட்டத்தினால் கெட்டிப்படுத்த நாம் முயன்றிருக்கிறோம். கேரளத்தில் 1960-ல் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது ஏற்பட்ட துயரத்தின் பலனாக, டெபாசிட் இன்ஷூரன்ஸ் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டு, அடுத்த வருஷத்திலிருந்து அமலுக்கு வந்தது. ஆரம்பத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை இருந்த அந்தப் பாதுகாப்பு, 2020-லிருந்து ஐந்து லட்சம் ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இதைப் பற்றி வங்கியின் முகப்பு ஒன்றும் சொல்வதில்லை. சலவைக்கல்லின் விலையை விசாரிக்கிற நாம் இதை விசாரிப்பதும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் கட்டிடத்தின் ரூபத்தைப் பற்றிக் கவலைப்படுவதே வீண்தானா என்று ஒருவர் என்னை மடக்கக்கூடும். இது மிகப் பழைய ஆட்சேபம். பரம்பொருள் அருவமாயிருக்க, கல்லைச் செதுக்கி வைத்துக்கொண்டு கூத்தாடுவானேன் என்று விக்கிரக ஆராதனையைப் பற்றிக் கேட்டவர்கள் கேட்டதும் இதுவேதான். நம் பெரியோர் அதற்குச் சொன்ன சமாதானத்தில் இரண்டு அம்சங்கள் உண்டு. அருவமானதைப் பற்றிக்கொள்ளச் சாமானிய மனத்துக்கு உருவமாகிய ஆலம்பனம், அதாவது ஒரு பிடிப்பு, வேண்டும் என்பது முதலாவது. ஆலம்பனமே பொருளாகிவிடாது என்பது இரண்டாவது. சிற்பியின் உளிக்கு அடங்கிய கல், எவ்வளவு அழகாக அமைந்தாலும், பிரதிஷ்டை ஆகும்வரை கல்லே. பிரதிஷ்டை ஆன பிறகும் நித்திய பூஜை தப்புமானால் சாந்நித்தியம் குறையும் என்றும், அதற்குப் பிராயச்சித்தம் வேண்டும் என்றும் ஆகமங்கள் விதிக்கின்றன. கும்பாபிஷேகம் ஒரு நாள் வைபவம். அந்த ஒரு நாளின் மேளதாளத்தை நித்தியப்படி நடக்கும் ஒரு வேளைப் பூஜைக்குப் பதிலாகக் கணக்கில் வைத்துக்கொள்ள எந்த ஆகமமும் இடம் கொடுப்பதில்லை.

வங்கிக் கிளையின் திறப்பு விழாவுக்கும் இந்த விதி பொருந்தும். வாழைமரம் கட்டி, கணபதி ஹோமம் செய்து, குத்துவிளக்கேற்றி, பெரிய மனிதர் ஒருவரைக் கொண்டு ரிப்பன் வெட்டச் செய்வதெல்லாம் வேண்டியதுதான், அது ஆவாகனம். மறுநாள் காலை, கையெழுத்துப் போடத் தெரியாத கிழவி ஒருத்தி பெருவிரல் மையோடு கவுண்டரின் முன் நிற்கும்போது, அவளுக்குக் கிடைக்கிற பதிலில் அன்றாடப் பூஜை தொடங்குகிறது. 1969-ம் வருஷம் ஜூலை 19-ம் தேதி பதினான்கு வங்கிகள் தேசியமயமானபோது, நாடு முழுவதிலும் சுமார் 8,000 கிளைகளே இருந்தன. வங்கியுள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியில்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 1977-ல் சேர்ந்துகொள்ள, 1990-ஐ அடையும்போது அவை ஏறக்குறைய 60,000 ஆகிவிட்டன. அவற்றுள் எத்தனையோ கிளைகளுக்குச் சொந்தக் கட்டிடம் கிடையாது. மணியக்காரரின் பழைய ஓட்டு வீட்டில், திண்ணைக்குக் கம்பி வலை அடித்து, ஒரு இரும்புப் பெட்டியும் இரண்டு பெஞ்சும் போட்டுத்தான் வேலை நடந்தது. கட்டிடக் கலை என்று ஒன்றும் இல்லாத அந்த இடங்களில், குடியானவர்களின் விசுவாசம் வேர் பிடித்தது.

அந்தக் கிளைகளிலும் பின்னால் வந்த பளபளப்பான கிளைகளிலும், வாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிற எளிய ஜனங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். இதைப் பக்தி என்று மெச்சிக்கொள்ளுமுன், வங்கிக்காரர்கள் ஒரு கணம் தங்களைப் பரீட்சித்துக்கொள்வது நல்லது. சந்நிதியில் செருப்பைக் கழற்றுகிறவன் தன் உரிமையான இடத்துக்கு வந்த நிம்மதியோடு கழற்றுகிறான். இங்கே கழற்றுகிறவனோ, பளிங்குத் தரை அழுக்காகிவிட்டால் யாராவது வைவார்களோ என்ற அச்சத்தினால் கழற்றுவதும் உண்டு. அவனுடைய பணத்தில் கட்டிய தரை, அவனையே மிரட்டுகிறது. தூணாயினும் கண்ணாடியாயினும், உரியவனுக்கு அச்சம் விளைவிக்கிற ரூபம் ஆலம்பனமாவதில்லை, இடையூறாகிவிடுகிறது. உள்ளே வரும் எளியவனுக்கு ரூபம் செலுத்த வேண்டிய முதல் மரியாதை, அவனைக் கூசவைக்காதிருப்பதே. சிற்பியின் திறமைக்கு இதைக்காட்டிலும் கடினமான பரீட்சை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஊராரின் விமர்சனத்தில் நான் காணும் நியாயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. புத்தகம் பிடிக்காவிட்டால் மூடிவிடலாம். கச்சேரி பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். வீதியில் நிற்கிற கட்டிடத்திடமிருந்து அவ்வழியே நடக்கிறவன் தப்ப முடியாது. கேட்க விரும்பாதவர் காதிலும் விழும்படி பேசுகிற ஒன்று, தான் என்ன பேசுகிறது என்பதற்கு அந்த அத்தனை பேருக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டியதுதான். வியன்னாக்காரர்கள் புருவம் கேட்டதிலும், சென்னைக்காரர்கள் பழைய வளைவுகளுக்காக ஏங்குவதிலும், எங்களை மதித்துப் பேசு என்ற நியாயமான கோரிக்கை ஒன்று அடங்கியிருக்கிறது. அவர்கள் தவறுவது, அந்தக் கோரிக்கையை முகப்போடு நிறுத்திவிடுவதில். முகப்பு அழகாயிருந்தால் உள்ளே நடப்பதையும் மன்னித்துவிடுகிறார்கள். அவலட்சணமாயிருந்தால் உள்ளே நேர்மையாக உழைப்பவரையும் சேர்த்து ஏசிவிடுகிறார்கள். கருதலால் அறியக் கூடாததைக் கருதலால் அறியப் பார்ப்பதன் பலன் இது.

ஆகையால், நம் தெருவில் புதிதாக ஒரு வங்கி திறக்கப்படும்போது அதன் சுவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அபிப்பிராயத்தோடு நம் விசாரணை முடிந்துவிட்டதாகவும் எண்ண வேண்டியதில்லை. வட்டி எவ்வளவு, கடன் யாருக்குக் கொடுக்கப்படுகிறது, நொடித்தால் எங்கள் பணத்துக்கு எதுவரை பாதுகாப்பு, குறை இருந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றைப் பகிரங்கமாக, நாங்கள் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க தமிழில், வாசலிலேயே எழுதி வைக்கும்படி கேட்கலாம். ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஒரு கோயிற் சுவர் செய்த காரியத்தை இன்றைய சுவரும் செய்யட்டும் என்று கேட்பது பேராசையாகாது. சொன்ன வாக்கு அன்றாடம் காப்பாற்றப்பட்டு வருமானால், கல்லோ கண்ணாடியோ ஓலைக் கூரையோ, அந்த இடத்தின் ரூபம் நாளடைவில் நமக்குப் பிரியமானதாகிவிடும். காப்பாற்றப்படாவிட்டால், எவ்வளவு உயர்ந்த சிற்பி கட்டினாலும் அந்தக் கட்டிடம் நம் நம்பிக்கைக்குக் கடன்பட்டதாகவே நிற்கும்.